வெல்லக்கூடிய வழக்கைக் கைவிட்டவர்

போன பருவத்தில் எங்கள் சட்டத்துறை மாணவர்கள் நடத்திய மாதிரி வழக்கு விசாரணையில் எனக்கு அரசுத் தரப்பு விழுந்தது. நகைக்கடைக் கொள்ளை வழக்கு, எல்லாம் கற்பனை. ஏற்பாட்டாளர்கள் என்னிடம் ஒரு கோப்பைக் கொடுத்தார்கள். அதில் ஒன்பது வாக்குமூலங்கள் இருந்தன. எதிர்த்தரப்பில் வாதாடப் போகும் என் தோழிக்கு அதிலிருந்து ஒரு நகல் கட்டு தயாரித்துக் கொடுப்பது என் வேலை. நான் எட்டு வாக்குமூலங்களை மட்டும் நகல் எடுத்தேன். ஒன்பதாவது ஒரு பாதுகாவலர் சொன்னது. ஓடிய ஆள் நல்ல உயரம் என்று அவர் சொல்லியிருந்தார். குற்றம் சாட்டப்பட்டவரோ குள்ளம்.

நான் வென்றேன். சிறந்த வாதத்திறன் என்று ஒரு கோப்பையும் தந்தார்கள். மறுநாள் விரிவுரையாளர் என்னை அறைக்கு அழைத்து, ஒன்பதாவது தாள் எங்கே என்று மட்டும் கேட்டார். நான் ஏதோ மழுப்பினேன். அவர் திட்டவில்லை. ஒரு பெயரை எழுதிக் கொடுத்து, இந்த மனிதரைப் பற்றிப் படித்துவிட்டு வா என்றார். அந்தப் பெயர் ஹோமர் கமிங்ஸ்.

நான் கேள்விப்பட்டதே இல்லை. நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். அமெரிக்காவில் ஒரு காலத்தில் நாளேடுகளில் அடிக்கடி அடிபட்ட பெயர் இது. அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் அமைச்சரவையில் சட்டத்துறைத் தலைவராக இருந்தவர். ஆனால் இன்றைக்கும் சட்ட மாணவர்கள் அவரைத் தேடிப் படிப்பது அந்தப் பதவிக்காக அல்ல. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னால், ஒரு சிறிய நகர நீதிமன்றத்தில் அவர் எழுந்து பேசிய ஒரு பேச்சுக்காக.

கமிங்ஸ் 1870 ஏப்ரல் 30-ஆம் தேதி சிகாகோவில் பிறந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் 1891-இல் ஒரு பட்டமும் 1893-இல் சட்டப் பட்டமும் பெற்றார். பிறகு கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்டாம்ஃபோர்ட் நகரில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். முப்பது வயதிலேயே அந்த நகரத்தின் மேயர். மொத்தம் மூன்று தவணை அந்தப் பதவியில் இருந்தார். அரசியலில் அவருக்கு ஆசை அதிகம். ஜனநாயகக் கட்சிக்காரரான அவர் நாடாளுமன்றத்துக்கு நின்று தோற்றார், 1916-இல் செனட்டுக்கு நின்றும் தோற்றார். ஆனாலும் கட்சிக்குள் செல்வாக்கு வளர்ந்தது. 1919-இல் ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழுத் தலைவரானார்.

இதற்கிடையே 1914 முதல் இன்னொரு வேலையும் பார்த்து வந்தார். ஃபேர்ஃபீல்ட் கவுண்டியின் அரசு வழக்கறிஞர் பதவி அது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் அரசு வழக்கறிஞரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். கனெக்டிகட்டில் அப்படியில்லை, நீதிபதிகள்தான் நியமிப்பார்கள். அதனால் வாக்குக் கணக்குக்குப் பயந்து வழக்கு நடத்த வேண்டிய நேரடிக் கட்டாயம் அவருக்கு இல்லை. ஆனால் பெரிய பதவிகளைக் குறிவைத்திருந்த ஒருவருக்கு மக்கள் என்ன நினைப்பார்கள் என்ற கவலை இல்லாமல் இருந்திருக்குமா? இருந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

1924 பிப்ரவரி 4. பிரிட்ஜ்போர்ட் நகரில் குளிர்கால மாலை, மணி எட்டை நெருங்குகிறது. புனித ஜோசப் தேவாலயத்தின் பாதிரியார் ஹூபர்ட் டாமே வழக்கம்போல் மெயின் தெருவில் நடந்துகொண்டிருக்கிறார். ஊரே மதித்த மனிதர். பின்னால் வந்த ஒருவன் அவருடைய இடது காதுக்குப் பின்புறம் ரிவால்வரை வைத்துச் சுட்டுவிட்டு ஓடினான். மக்கள் நடமாட்டம் உள்ள தெரு, பலர் பார்த்தார்கள். பாதிரியார் அன்றிரவே இறந்துபோனார்.

ஊர் கொதித்தது. கொலையாளியைக் காட்டிக் கொடுப்பவருக்குப் பரிசு அறிவித்தார்கள். நாள்கள் ஓடின, யாரும் சிக்கவில்லை. காவல் துறைமீது அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து, பக்கத்து நகரான நார்வாக்கில் ஓர் இளைஞன் பிடிபட்டான். பெயர் ஹெரால்ட் இஸ்ரேல். இராணுவத்தில் இருந்து வெளிவந்தவன், கையில் காசில்லை, நிலையான வீடில்லை. இராணுவத்தில் பழகிய நண்பர்களை நம்பி பிரிட்ஜ்போர்ட்டுக்கு வந்து, வேலை கிடைக்காமல் கிளம்பியவன். அவனிடம் ஒரு ரிவால்வர் இருந்தது. பாதிரியாரின் உயிரைக் குடித்த தோட்டாவும் அதே 0.32 அங்குல அளவு.

இங்கிருந்து வழக்கு மளமளவென்று கட்டப்பட்டது. என்னென்ன இருந்தன என்று பாருங்கள். ஒரு நாளுக்கும் மேல் நீண்ட விசாரணைக்குப் பிறகு இஸ்ரேல் குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டான். ஓடிய ஆள் இவன்தான் என்று சாட்சிகள் அடையாளம் காட்டினார்கள். கொலை நடந்த இடத்துக்கு அருகில் உணவுக்கடையில் வேலை பார்த்த ஒரு பெண், அவனை ஏற்கனவே தெரியும் என்றும், சம்பவத்துக்குச் சற்று முன் அவன் கடை ஜன்னலைக் கடந்து போனதைப் பார்த்ததாகவும் சொன்னார். அவன் தங்கியிருந்த வீட்டில் ஒரு வெற்றுத் தோட்டாக் கூடு கிடைத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, துப்பாக்கி நிபுணர் ஒருவர் அந்தத் தோட்டா இந்த ரிவால்வரிலிருந்து வந்ததுதான் என்று அறிக்கை தந்தார். ஒப்புதல், கண்கண்ட சாட்சி, ஆயுதம், அறிவியல் சான்று. எனக்கு அந்த மாதிரி விசாரணையில் கிடைத்ததைவிடப் பத்து மடங்கு பலமான கோப்பு.

அந்தக் கோப்பு கமிங்ஸின் மேசைக்கு வந்தது. முதல் பார்வையில் அவருக்கும் சந்தேகம் எழவில்லை. குறையே இல்லாத வழக்குபோலத் தெரிந்ததாகப் பின்னாளில் அவரே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அப்போது கனெக்டிகட்டில் கொலைக்குத் தண்டனை தூக்கு. அவர் செய்ய வேண்டியதெல்லாம் கோப்பை எடுத்துக்கொண்டு நடுவர்கள் முன் போய் நிற்பதுதான். மற்றதை ஊரின் கோபம் பார்த்துக்கொண்டிருக்கும்.

அவர் அப்படிச் செய்யவில்லை. அதற்கு முன், ஒவ்வொரு சான்றையும் தானே சோதித்துப் பார்க்கக் கிளம்பினார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அரசு வழக்கறிஞர் என்றால் காவல் துறையின் வக்கீல் என்றுதான் நான் இடைநிலைப்பள்ளிக் காலம் முழுக்க நினைத்திருந்தேன். திரைப்படங்கள் அப்படித்தான் காட்டுகின்றன. உண்மையில் வேலை பிரிக்கப்பட்டிருக்கிறது. புலன்விசாரணை செய்வது காவல் துறை. அதைப் படித்துவிட்டுக் குற்றம் சாட்டலாமா, என்ன குற்றம் சாட்டுவது, சாட்டிய வழக்கைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுப்பது அரசு வழக்கறிஞர். நம் நாட்டில் கூட்டரசு அரசியலமைப்பின் 145-ஆவது பிரிவு இந்த அதிகாரத்தைச் சட்டத்துறைத் தலைவரிடம் கொடுத்திருக்கிறது. நீதிமன்றங்களில் நாம் பார்க்கும் டிபிபிக்கள் அவர் சார்பில் நிற்பவர்கள். இரண்டு மேசைகள் இருப்பதற்குக் காரணமே, ஒரு மேசையின் தவறை இன்னொரு மேசை பிடிக்க வேண்டும் என்பதுதான். இரண்டாவது மேசையில் உட்கார்ந்திருப்பவர் முதல் மேசை சொன்னதற்கெல்லாம் தலையாட்டினால், அந்த நாற்காலி எதற்கு?

கமிங்ஸ் முதலில் ஒப்புதல் வாக்குமூலத்தை எடுத்துக்கொண்டார். இஸ்ரேலை மருத்துவர்கள் பரிசோதித்திருந்தார்கள். அப்போது அவன் உடலும் மனமும் களைத்துச் சோர்ந்த நிலையில் இருந்தான், என்ன சொல்லிக் கொடுத்தாலும் ஆமாம் என்று சொல்லிவிடக்கூடிய நிலை. தூங்க விட்டால் போதும் என்றுதான் ஒப்புக்கொண்டதாக அவனும் சொன்னான். ஓய்வெடுத்த பிறகு தான் சொன்னதை மறுத்தான். கமிங்ஸ் அந்த வாக்குமூலத்தை வரிவரியாகப் பார்த்தார். அதில் காவல் துறைக்கு முன்பே தெரியாத, பிறகு சரிபார்த்து உறுதி செய்யக்கூடிய புதிய செய்தி எதுவும் தேறவில்லை. இது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. உண்மையான கொலையாளி வாயைத் திறந்தால், கேட்பவருக்குத் தெரியாத ஏதாவது ஒன்று வெளியே வர வேண்டும் அல்லவா?

அடுத்து உணவுக்கடை ஜன்னல். கமிங்ஸ் அலுவலகத்தில் உட்கார்ந்து யோசிக்கவில்லை. இரவு நேரத்தில், தன் உதவியாளர்களோடு அந்தக் கடைக்கே போனார். அந்தப் பெண் நின்ற இடத்தில் தான் நின்றார். வெளியே தெரிந்தவர்களை நடக்கவிட்டுப் பார்த்தார். உள்ளே விளக்கு எரிகிறது, வெளியே இருட்டு. கண்ணாடியில் உள்ளிருப்பதுதான் பிரதிபலிக்கிறது, குளிர்காலத்து ஈரம் வேறு படிந்திருக்கிறது. நடந்து போனவர்களின் முகத்தை அவரால் அடையாளம் காண முடியவில்லை. பழகிய முகங்களையே காண முடியாதபோது, கடந்து போகும் ஒருவனை எப்படி உறுதியாகச் சொல்வது? அந்தப் பெண் பரிசுத் தொகையில் அக்கறை காட்டியிருந்ததும் அவர் கவனத்துக்கு வந்தது.

இந்த ஜன்னல் கதையைப் படித்த இரவு நான் விடுதி உணவகத்தில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக வெளியே பார்த்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. என்னைத்தான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே போன மோட்டார் சைக்கிளில் இருந்தது ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை.

தெருவில் பார்த்த சாட்சிகளின் கதையும் இதேபோல்தான். கொலையாளியின் உடை, தொப்பி பற்றி அவர்கள் சொன்னவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. கமிங்ஸின் ஆட்கள் அதே இடத்தில் இருட்டிய பிறகு நின்று பார்த்தார்கள். அந்த வெளிச்சத்தில், அந்தத் தூரத்தில், ஓடுகிற ஒருவனின் முகத்தைப் பிடிப்பது முடியாத காரியம் என்று தெரிந்தது. அந்தச் சாட்சிகள் பொய் சொன்னார்கள் என்று கமிங்ஸ் குற்றம் சாட்டவில்லை. பிடிபட்ட ஆள் இவன்தான் என்று காட்டப்பட்ட பிறகு, மனம் தானாக அவன் முகத்தை நினைவில் ஒட்டிக்கொள்கிறது. இன்றைக்கு உளவியல் பாடத்தில் இதைத் தனி அத்தியாயமாகப் படிக்கிறோம்.

மிஞ்சியது துப்பாக்கி. எனக்குத் தெரிந்து பலர் இந்த இடத்தில் நின்றுவிடுவார்கள். நிபுணர் சொல்லிவிட்டார், அறிவியல் சொல்லிவிட்டது, நாம் யார் கேட்க? கமிங்ஸ் கேட்டார். ஆறு நிபுணர்களிடம் தோட்டாவையும் ரிவால்வரையும் கொடுத்தார். ஒவ்வொரு துப்பாக்கிக் குழலும் அதன் வழியாகப் போகும் தோட்டாவில் தனக்கே உரிய கீறல்களைப் பதிக்கும். இஸ்ரேலின் ரிவால்வரிலிருந்து சுட்டுப் பார்த்த தோட்டாக்களின் கீறல்களைக் கொலைத் தோட்டாவின் கீறல்களோடு ஒப்பிட்டார்கள். ஆறு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். இந்தத் தோட்டா இந்த ரிவால்வரிலிருந்து வந்ததல்ல. போதாக்குறைக்கு அந்த ரிவால்வரில் ஒரு பழுதும் இருந்தது. கொலையாளி பிடித்திருக்க வேண்டிய சாய்வில் பிடித்து விசையை இழுத்தால் அது வெடிக்க மறுத்தது. ஆயுதமே அதுவல்ல என்றான பிறகு, வீட்டில் கிடைத்த வெற்றுத் தோட்டாக் கூட்டுக்கு என்ன மதிப்பு?

முதலில் அறிக்கை தந்த நிபுணரைப் பற்றி ஓர் இடைச்செருகல். அவர் பெயர் சார்ல்ஸ் வான் ஆம்பர்க். 1921-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நடந்த புகழ்பெற்ற சாக்கோ-வான்செட்டி கொலை வழக்கிலும் அரசுத் தரப்பில் துப்பாக்கிச் சாட்சியம் சொன்னவர் அவரே. அந்த வழக்கில் இருவருக்கும் 1927-இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்தத் தீர்ப்பு சரியா தவறா என்று இன்றுவரை வாதம் ஓயவில்லை. அதற்குள் போனால் இந்தக் கட்டுரை முடியாது.

1924 மே 27. பிரிட்ஜ்போர்ட் சுப்பீரியர் கோர்ட். நீதிபதி மார்வின் முன் கமிங்ஸ் எழுந்தார். அரசுத் தரப்பு வழக்கை எப்படித் தொடங்கப் போகிறது என்று கேட்க வந்திருந்தவர்கள், அவர் அந்த வழக்கைக் கழற்றிப் போடுவதைக் கேட்டார்கள். இஸ்ரேலுக்கு எதிரான சான்றுகளை ஒன்றுவிடாமல் முதலில் முழு வலுவோடு அடுக்கினார். பிறகு அதே வரிசையில் ஒவ்வொன்றும் ஏன் நிற்காது என்று காட்டினார். குற்றவாளியைத் தண்டிக்க எவ்வளவு பாடுபட வேண்டுமோ, அதே அளவு நிரபராதியைக் காப்பாற்றவும் பாடுபடுவது அரசு வழக்கறிஞரின் கடமை என்பது அந்தப் பேச்சின் சாரம். முடிவில் வழக்கைத் தொடரப் போவதில்லை என்று அறிவித்தார். சட்ட மொழியில் இதற்கு நோலி பிராசிகுவி என்று பெயர்.

இந்தச் சொல்லை நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இது விடுதலைத் தீர்ப்பு அல்ல. நடுவர்கள் யாரும் இஸ்ரேல் குற்றமற்றவன் என்று சொல்லவில்லை. அரசு வழக்கைத் தொடரவில்லை, அவ்வளவுதான். நம் நாட்டு நாளேடுகளில் டிஎன்ஏஏ என்று படிக்கிறோமே, கிட்டத்தட்ட அதன் உறவுக்காரர். நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 254-ஆவது பிரிவின்படி, தீர்ப்புக்கு முன் எந்தக் கட்டத்திலும் அரசுத் தரப்பு வழக்கைத் தொடரப் போவதில்லை என்று சொல்லலாம். நீதிமன்றம் தனியாகச் சொன்னாலொழிய அது விடுதலை ஆகாது. அப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். எங்கள் வீட்டில் அப்பா நாளேட்டை மடித்து வைத்துவிட்டு, ஏதோ உள்ளே நடந்திருக்கிறது என்பார். பெரும்பாலும் யாருக்கும் காரணம் தெரியாது. காரணம் தெரியாத இடத்தில் சந்தேகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அது வழக்கை நிறுத்தியவர்மீதும் விழும், விடுவிக்கப்பட்டவர்மீதும் விழும்.

கமிங்ஸ் ஒரே வரியில் வழக்கை நிறுத்தியிருக்கலாம். சட்டம் அதைத் தடுக்கவில்லை. அப்படிச் செய்திருந்தால் இஸ்ரேல் சிறையிலிருந்து வெளியே வந்திருப்பான். ஆனால் பாதிரியாரைக் கொன்றுவிட்டுத் தப்பித்தவன் என்ற பெயரோடுதான் வாழ்ந்திருப்பான். காரணங்களை எல்லார் முன்னிலையிலும் சொன்னதால்தான் அந்தப் பெயர் அவனோடு போகவில்லை. கமிங்ஸைப் பற்றி எழுதுபவர்கள் அவர் வழக்கைக் கைவிட்ட துணிச்சலைத்தான் பெரும்பாலும் பாராட்டுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, ஏன் கைவிடுகிறேன் என்று ஊரின் முகத்தைப் பார்த்துச் சொன்னது. அந்தப் பேச்சு அதே ஆண்டு ஒரு சட்ட ஆய்விதழில் முழுமையாக அச்சாகி, வழக்கறிஞர்கள் படிக்கும் பாடமானது.

ஹெரால்ட் இஸ்ரேல் சொந்த மாநிலமான பென்சில்வேனியாவுக்குத் திரும்பினான். சுரங்கத் தொழிலாளியாக வேலை பார்த்தான், திருமணம் செய்துகொண்டு குடும்பத்தோடு வாழ்ந்தான். அவன் எப்படி இருக்கிறான் என்று கமிங்ஸ் பிற்காலத்திலும் விசாரித்துத் தெரிந்துகொண்டார்.

பாதிரியார் டாமேயைக் கொன்றது யார் என்று கடைசிவரை கண்டுபிடிக்கப்படவே இல்லை. கமிங்ஸைப் புகழும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். புனித ஜோசப் தேவாலயத்துக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு அந்த மே மாதத்தில் கிடைத்தது நியாயமா? அவர்களுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது, இருந்த ஒரே பெயரையும் அரசு வழக்கறிஞர் எடுத்துவிட்டார். தவறான ஆளைத் தூக்கிலிட்டிருந்தாலும் உண்மையான கொலையாளி வெளியேதான் இருந்திருப்பான். அது அறிவுக்குப் புரிகிறது. துக்கத்தில் இருப்பவர்களுக்கு அதைச் சொல்ல எனக்கு வாய் வருமா என்று தெரியவில்லை.

கமிங்ஸின் மீதி வாழ்க்கை இன்னும் முப்பத்திரண்டு ஆண்டுகள் நீண்டது. அதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பேச்சுக்கு மறுமாதமே நியூயார்க்கில் ஜனநாயகக் கட்சியின் மாநாடு. கட்சியின் கொள்கை அறிக்கையைத் தயாரிக்கும் குழுவுக்கு அவர் தலைவர். அதே ஆண்டில் அரசு வழக்கறிஞர் பதவியை விட்டு விலகினார். 1932 தேர்தலில் ரூஸ்வெல்ட்டுக்காக உழைத்தார். அதற்குப் பரிசாக பிலிப்பைன்ஸின் கவர்னர் ஜெனரல் பதவி என்று முடிவாகியிருந்தது. அப்போது பிலிப்பைன்ஸ் அமெரிக்காவின் கையில் இருந்தது. மூட்டை கட்ட வேண்டிய நேரத்தில், சட்டத்துறைத் தலைவராகப் பதவியேற்க இருந்த தாமஸ் வால்ஷ், தலைநகருக்கு இரயிலில் வரும் வழியிலேயே 1933 மார்ச் 2-ஆம் தேதி இறந்துபோனார். இரண்டே நாளில் கமிங்ஸ் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். தற்காலிக ஏற்பாடு என்று தொடங்கியது 1939 ஜனவரி வரை நீடித்தது. அவர் மணிலாவுக்குப் போயிருந்தால் நம் வட்டாரத்து வரலாற்றுப் பாடத்தில் அவர் பெயரைப் படித்திருப்போமோ என்னவோ.

இங்கேதான் எனக்குக் கொஞ்சம் குழப்பம் வந்தது. இஸ்ரேலைக் காப்பாற்றிய மென்மையான மனிதரை எதிர்பார்த்துப் படித்தால், வருபவர் வேறு மாதிரி இருக்கிறார். கொள்ளைக் கும்பல்களும் ஆள்கடத்தலும் மலிந்திருந்த காலம் அது. 1934-இல் குற்றங்களை ஒடுக்கக் கடுமையான கூட்டரசுச் சட்டங்களைக் கொண்டுவர முன்னின்றவர் கமிங்ஸ். எஃப்.பி.ஐ. ஆட்களுக்குத் துப்பாக்கி ஏந்தவும் கைது செய்யவும் அதிகாரம் கிடைத்தது அப்போதுதான். சான் பிரான்சிஸ்கோ கடலில் இருக்கும் அல்கட்ராஸ் தீவைக் கடுங்காவல் சிறையாக மாற்றியதும் அவர் காலத்தில்தான். 1937-இல் ரூஸ்வெல்ட்டின் திட்டங்களை உச்ச நீதிமன்றம் அடுத்தடுத்துத் தள்ளுபடி செய்தபோது, எழுபது வயதைத் தாண்டியும் ஓய்வு பெறாத நீதிபதி ஒவ்வொருவருக்கும் ஈடாகப் புதிய நீதிபதி ஒருவரை, மொத்தம் ஆறு பேர்வரை, நியமிக்கும் திட்டத்தைத் தயாரித்ததிலும் அவர் கை இருந்தது. நீதிமன்றத்தைத் தங்கள் ஆட்களால் நிரப்பும் முயற்சி என்று எதிர்ப்பு கிளம்பி, அந்தத் திட்டம் தோற்றது. என்னைக் கேட்டால், தோற்றது நல்லதுதான்.

ஆனால் யோசித்துப் பார்த்தால், குற்றவாளிகள்மீது கடுமை காட்டிய அதே மனிதர்தான் 1924-இல் அப்படி நடந்துகொண்டார் என்பது அந்தச் செயலின் மதிப்பைக் கூட்டுகிறது. இளகிய மனத்தால் அவர் இஸ்ரேலை விட்டுவிடவில்லை. ஜன்னலுக்கு அருகில் போய் நின்று பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை, அதனால் விட்டார். தெரிந்திருந்தால் தூக்குக் கேட்டிருப்பார்.

அவர் 1956 செப்டம்பர் 10-ஆம் தேதி, 86 வயதில் காலமானார். அதற்கு முன் 1947-இல் இஸ்ரேல் வழக்கை வைத்து எலியா கஸான் இயக்கிய 'பூமராங்' திரைப்படம் வெளிவந்தது. அதில் அரசு வழக்கறிஞராக டானா ஆண்ட்ரூஸ் நடித்தார். கறுப்பு வெள்ளைப் படம், ஒன்றரை மணி நேரம்தான். கதை நடந்த பிரிட்ஜ்போர்ட்டில் படம் எடுக்க வாய்ப்புக் கிடைக்காமல், பெரும்பகுதியை கமிங்ஸின் ஊரான ஸ்டாம்ஃபோர்டில் எடுத்தார்கள். இருபத்துச் சொச்சம் ஆண்டுகள் கழிந்தும் அந்த ஊருக்கு வலி ஆறவில்லை போலும்.

விரிவுரையாளரிடம் திரும்பிப் போனபோது, கமிங்ஸைப் பற்றி நான் எழுதிய நான்கு பக்கங்களை மேசையில் வைத்தேன். அவர் படிக்கவில்லை. நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைத் திறந்து 51ஏ பிரிவைக் காட்டினார். விசாரணை தொடங்குமுன் அரசுத் தரப்பு எதிர்த்தரப்புக்கு என்னென்ன கொடுக்க வேண்டும் என்று சொல்லும் பிரிவு அது. முதல் தகவல் அறிக்கையின் நகல், வழக்கில் பயன்படுத்தப் போகும் ஆவணங்கள். மூன்றாவதாக இருந்ததைப் படித்தபோது எனக்குக் காது சூடானது. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான உண்மைகள் இருந்தால், அவற்றை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். பொதுநலனுக்கு எதிரானது என்றால் மட்டும் விலக்கு உண்டு. என் ஒன்பதாவது தாளில் பொதுநலன் எதுவும் இல்லை, என் கோப்பைதான் இருந்தது.

அமெரிக்காவில்கூட, எதிர்த்தரப்புக்குச் சாதகமான சான்றை மறைப்பது அரசியலமைப்புக்கே எதிரானது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது 1963-இல்தான். பிரேடி வழக்கில். கமிங்ஸ் பேசி முப்பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

அன்று மாலையே அந்தத் தாளை நகல் எடுத்துக்கொண்டு தோழியைத் தேடிப் போனேன். நூலகத்தின் இரண்டாவது மாடியில் இருந்தாள். என்ன செய்தேன் என்று சொல்லிக் கொடுத்தேன். வாங்கிப் படித்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அந்த வாரம் முழுக்க எட்டு வாக்குமூலங்களையும் திரும்பத் திரும்பப் படித்து, எங்கோ ஓர் ஓட்டை இருக்க வேண்டுமே, என் கண்ணில்தான் படவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டதாகச் சொன்னாள். கோப்பையை நான் கழகத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தாள் அவளிடம்தான் இருக்கிறது, கேட்டேன், தர மாட்டேன் என்கிறாள்.